சிப் விற்கப் பிறந்த மென்பொருளும் முனைவர் பட்ட ஆய்வும்: எல்டிஸ்பைஸ் மதிப்புரை

மின்திறனை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றும் சுற்றுகளை ஆராயும் பவர் எலக்ட்ரானிக்ஸ் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரும் மாணவர், எந்த சிமுலேஷன் மென்பொருளை நம்பி வேலையைத் தொடங்குவது என்ற கேள்வியை முதல் ஆண்டிலேயே சந்திக்கிறார். கல்லூரிக்கு மேட்லேப் உரிமம் இருந்தால் சிமுலிங்க் கிடைக்கும். வழிகாட்டியின் ஆய்வகத்தில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் பிளெக்ஸ் அல்லது பிசிம் கிடைக்கும். இவை எதுவும் இல்லாத இடத்திலும், சொல்லப்போனால் இவை எல்லாம் இருக்கும் இடத்திலும், மாணவரின் மடிக்கணினியில் எப்படியோ வந்து உட்கார்ந்திருப்பது எல்டிஸ்பைஸ். கட்டணம் இல்லை, உரிமச் சாவி இல்லை, சுற்றில் இத்தனை கணுக்களுக்கு (இணைப்புப் புள்ளிகளுக்கு) மேல் போகக் கூடாது என்ற மாணவர் பதிப்புக் கட்டுப்பாடும் இல்லை. பொழுதுபோக்காகச் சுற்று வரைபவர்களும் தொழில்துறைப் பொறியாளர்களும் இதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார்கள். இந்த மதிப்புரை ஒரு தரப்பாரை மட்டும் மனத்தில் கொண்டது: தாம் வரைந்த அலைவடிவத்தை ஆய்விதழில் அச்சேற்றி, மதிப்பீட்டாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் ஆய்வாளர்.

இந்த மென்பொருளின் நிறைகளையும் குறைகளையும் புரிந்துகொள்ள அதன் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பைஸ் என்னும் மூல நிரல் 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் குழுவில், லாரன்ஸ் நேகல் எழுதியது. அது ஒருங்கிணைந்த சுற்றுகளை வடிவமைப்போருக்காக எழுதப்பட்டது. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் பணியாற்றிய மைக் எங்கெல்ஹார்ட் அந்த மரபிலிருந்து உருவாக்கிய வேறொரு நிரல், 1999இல் ஸ்விட்சர்கேட் 3 (SwitcherCAD III) என்ற பெயருடன் வெளிவந்தது. அந்தப் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. நிறுவனம் விற்ற ஸ்விட்சிங் ரெகுலேட்டர் சிப்களை வாடிக்கையாளர் தம் மேசையிலேயே ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் வாங்க வேண்டும்; அதற்கான கருவி அது. 2008இல் எல்டிஸ்பைஸ் 4 என்றும், 2016இல் எல்டிஸ்பைஸ் 17 என்றும் அது வளர்ந்தது. 2017இல் லீனியர் டெக்னாலஜி அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024இல் எல்டிஸ்பைஸ் 24 வெளிவந்தது. இது ஆய்வாளருக்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல என்பதை இந்த வரலாறு தெளிவாக்குகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வெர்ட்டரைச் சில விநாடிகளில் ஓட்டிக் காட்டும் வேகமும் அந்த வணிக நோக்கத்திலிருந்து வந்ததுதான். ஆய்வுக்கட்டுரைக்குப் பொருந்தாத சில முன்னிருப்பு (டிஃபால்ட்) அமைப்புகளும் அதே இடத்திலிருந்து வந்தவைதான்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடலாம், ஏனெனில் அவை உண்மையிலேயே பெரியவை. சுற்றை வரைந்து ஓட்டிய பிறகு, அலைவடிவத்தைப் பார்க்க முன்கூட்டியே அளவி எதையும் பொருத்தி வைக்க வேண்டியதில்லை. கம்பியின் மீது சுட்டியைக் கொண்டுபோனால் அது ஆசிலாஸ்கோப்பின் புரோப் வடிவம் எடுக்கிறது. சொடுக்கினால் மின்னழுத்தம் வரைபடமாகிறது. பாகத்தின் மீது கொண்டுபோனால் கிளாம்ப் மீட்டர் வடிவம் எடுத்து மின்னோட்டத்தைக் காட்டுகிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஸ்விட்சின் மீது வைத்தால் சுட்டி ஒரு வெப்பமானியாக மாறி, அந்தக் கணத்தில் அங்கே வீணாகும் திறனை வரைந்து தருகிறது. வரைபடத்தின் பெயரைக் கண்ட்ரோல் விசையோடு சொடுக்கினால், திரையில் தெரியும் காலப்பகுதிக்கான சராசரியும் ஆர்எம்எஸ் மதிப்பும் ஒரு சிறு பெட்டியில் வருகின்றன. ஒரு ஸ்விட்சிங் சுழற்சியை மட்டும் பெரிதாக்கி அதன் இழப்பை அறிய வேறு எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பலவற்றில் இதே வேலைக்கு மூன்று நான்கு பெட்டிகளைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது.

பாகங்களின் மாதிரிகளிலும் இந்தத் துறைக்கே உரிய கவனம் தெரிகிறது. ஒரு கெபாசிட்டரை வரைந்தால், அதன் தொடர் மின்தடை, தொடர் இண்டக்டன்ஸ், இணை மின்தடை ஆகியவற்றை அதே பாகத்தின் பண்புகளாக எழுதிவிடலாம். தனித்தனி உறுப்புகளாக வரையத் தேவையில்லை என்பதால் படம் சுத்தமாக இருக்கிறது. கணுக்கள் குறைவதால் கணக்கும் வேகமாக முடிகிறது. பவர் மாஸ்ஃபெட்டுக்கு விடிமாஸ் என்ற தனி மாதிரி உள்ளேயே இருக்கிறது. ஒருங்கிணைந்த சுற்றுக்குள் இருக்கும் சாதாரண மாஸ்ஃபெட் மாதிரியை எடுத்து பவர் மாஸ்ஃபெட்டுக்கு மாட்டினால், கட்டுப்பாட்டு முனையான கேட்டுக்கும் மின்னோட்டம் நுழையும் முனையான டிரெயினுக்கும் இடையிலான கெபாசிட்டன்ஸ் மின்னழுத்தத்தோடு மாறுவது சரியாக வராது. ஆகவே ஸ்விட்ச் மாறும்போது கேட் மின்னழுத்தம் சிறிது நேரம் மாறாமல் நிற்கும் மில்லர் தளமும் சரியாக வராது. விடிமாஸ் அந்தக் கெபாசிட்டன்ஸைப் பெரும மதிப்பிலிருந்து சிறும மதிப்புக்கு வழுக்கிச் செல்லும் ஒரு வளைவாகக் கொண்டு இதைச் சரிசெய்கிறது. தரவுத்தாளில் இருக்கும் நான்கைந்து எண்களைக் கொண்டே ஏறத்தாழப் பொருந்தும் ஒரு மாதிரியை மாணவர் தாமே கட்டிவிட முடியும்.

இந்த மென்பொருளின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட டபுள் பல்ஸ் சோதனையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. புதிய சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் ஒன்றின் ஸ்விட்சிங் இழப்பை அறிய ஆய்வகங்கள் செய்வது இந்தச் சோதனையைத்தான். இரண்டு மாஸ்ஃபெட்கள் கொண்ட அரைப் பாலம். மேல் மாஸ்ஃபெட் மூடியே, அதாவது அணைந்தே, இருக்கும். அதற்கு இணையாக ஒரு இண்டக்டர். 800 வோல்ட் டிசி பஸ்ஸும் 200 மைக்ரோ ஹென்றி இண்டக்டரும் இருந்தால், கீழ் மாஸ்ஃபெட்டை 5 மைக்ரோ செகண்ட் திறந்து (மின்னோட்டத்தை ஓடவிட்டு) வைத்தால் மின்னோட்டம் 20 ஆம்பியரை எட்டும். அந்தக் கணத்தில் மூடும்போது அணைவு இழப்பும், சிறு இடைவெளிக்குப் பின் மறுபடி திறக்கும்போது திறப்பு இழப்பும் கிடைக்கின்றன. எல்டிஸ்பைஸில் இதை வரைந்து முடிக்க அரை மணி நேரம் போதும். உற்பத்தியாளர் தரும் மாதிரியைச் சேர்த்து, மெஷர் கட்டளையில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால், இழப்பு மைக்ரோ ஜூலில் பதிவுக் கோப்பில் வந்து விழுகிறது. ஸ்டெப் கட்டளையால் கேட் மின்தடையை 2 ஓமிலிருந்து 20 ஓம் வரை மாற்றி ஓட்டினால், முழு வளைவும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கிறது.

ஆனால் அப்படிக் கிடைக்கும் முதல் வளைவு அழகாக இருக்கும்; உண்மையாக இருக்காது. மின்னோட்டம் 10 நானோ செகண்டில் 20 ஆம்பியர் விழுகிறது என்றால், ஒரு நானோ செகண்டுக்கு 2 ஆம்பியர். பவர் லூப்பில் 20 நானோ ஹென்றி ஸ்ட்ரே இண்டக்டன்ஸ் (கம்பிகளோடு ஒட்டியே வரும் வேண்டாத இண்டக்டன்ஸ்) இருந்தால் அது 40 வோல்ட் மேல்தாவலைத் தரும். 800 வோல்ட்டில் இது பெரிதல்ல. ஆனால் அந்த 20இல் வெறும் 5 நானோ ஹென்றி, கேட் லூப்புக்கும் பவர் லூப்புக்கும் பொதுவான சோர்ஸ் கம்பியில் இருந்துவிட்டால், கேட் டிரைவருக்கு எதிராக 10 வோல்ட் எழும். 18 வோல்ட் கொடுத்துத் திறக்க முயலும் மாஸ்ஃபெட்டுக்கு இது பாதிக்கு மேல். ஸ்விட்சிங் வேகம் சட்டென்று குறையும், இழப்பு கூடும். கேட் லூப்புக்கெனத் தனி சோர்ஸ் கால் சேர்த்து நான்கு கால்கள் கொண்ட பேக்கேஜ் எதற்காக வந்தது என்பதை எத்தனை வகுப்புகளில் விளக்கினாலும், அந்த 5 நானோ ஹென்றியைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கும்போது புரிவதுபோல் வேறெதிலும் புரியாது. இந்த வேலையில் எல்டிஸ்பைஸுக்கு இணையான இலவசக் கருவி மிகவும் குறைவு என்பது என் கருத்து.

ஆய்வகத்தில் அளக்க முடியாத சிலவற்றையும் இது காட்டுகிறது. மேலே சொன்ன சோதனையில் உச்சத் திறன் 800 வோல்ட்டும் 20 ஆம்பியரும் சேர்ந்து 16 கிலோவாட். மின்னழுத்த புரோபுக்கும் மின்னோட்ட புரோபுக்கும் இடையே ஒரே ஒரு நானோ செகண்ட் காலப்பிசகு இருந்தாலும், கணக்கில் 16 மைக்ரோ ஜூல் வரை பிழை ஏறிவிடும். வேகமான சிறு மாஸ்ஃபெட்டின் அணைவு இழப்பே அந்த அளவில்தான் இருக்கும். சிமுலேஷனில் அந்தப் பிசகு இல்லை. மேலும், அணைவின்போது டிரெயின் காலில் அளக்கப்படும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வெளியீட்டுக் கெபாசிட்டன்ஸை நிரப்பப் போகிறது. அது அப்போது வெப்பமாவதில்லை, அடுத்த திறப்பில்தான் வெப்பமாகிறது. வெளியே புரோப் வைத்து இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. உற்பத்தியாளரின் மாதிரி மறைகுறியாக்கப்படாத உரைக் கோப்பாக இருந்தால், உட்சுற்றின் மின்னோட்டங்களையும் சேமிக்கச் சொல்லி, சேனலில் ஓடுவது எவ்வளவு, கெபாசிட்டன்ஸில் ஓடுவது எவ்வளவு என்று தனித்தனியே பார்க்கலாம். ஒரு கட்டுரையின் விவாதப் பகுதியையே இதைக் கொண்டு எழுதிவிடலாம்.

இனி முன்னிருப்பு அமைப்புகளுக்கு வருவோம். ஆய்வாளர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலாவது, அலைவடிவச் சுருக்கம். இந்த மென்பொருள் கணக்கிட்ட எல்லாப் புள்ளிகளையும் வட்டில் எழுதுவதில்லை. ஏறத்தாழ நேர்க்கோட்டில் விழும் புள்ளிகளைக் கைவிட்டு, கோப்பைச் சிறிதாக்குகிறது. சிப் வாங்க வந்த வாடிக்கையாளருக்கு இது பேருதவி. வெளியீட்டில் எஞ்சும் ரிப்பிள் என்னும் சிற்றலையைக் கண்ணால் பார்க்க இது போதும். அதே தரவை வைத்து ஒருவர் அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் பகுப்பு செய்து, இன்வெர்ட்டரின் ஹார்மோனிக் சிதைவு இத்தனை விழுக்காடு என்று அட்டவணை போடும்போது, சுருக்கத்தால் உண்டான இரைச்சலும் அதில் கலந்திருக்கும். ஆப்ஷன்ஸ் கட்டளையில் பிளாட்வின்சைஸ் மதிப்பைப் பூச்சியம் ஆக்கினால் சுருக்கம் நிற்கும். இலக்கங்களின் எண்ணிக்கையை ஆறுக்கு மேல் கேட்டால் இரட்டைத் துல்லியத்தில் எழுதும். இவற்றோடு பெருமக் காலப்படியையும் கையால் கட்டுப்படுத்தாமல் வரையப்பட்ட ஸ்பெக்ட்ரம் படம் எதையும் நான் நம்புவதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை, பல ஜிகாபைட் அளவுக்கு வீங்கும் கோப்பு. சேவ் கட்டளையால் வேண்டிய கணுக்களை மட்டும் சேமிக்கச் சொல்வது அதைத் தாங்கும் அளவுக்குக் குறைக்கும்.

இரண்டாவது, இண்டக்டருக்குள் ஒளிந்திருக்கும் 1 மில்லி ஓம். வரைபவர் எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு தனி இண்டக்டருக்கும் மென்பொருளே 1 மில்லி ஓம் தொடர் மின்தடையைச் சேர்த்துக்கொள்கிறது. கணக்கு தடைபடாமல் ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பெரும்பாலான சுற்றுகளில் அதனால் தீங்கும் இல்லை. ஆனால் 100 வாட் கன்வெர்ட்டர் ஒன்றுக்கு 99 விழுக்காடு செயல்திறன் என்று எழுதப்போகிறவருக்கு மொத்த இழப்பே 1 வாட்தான். இண்டக்டரில் 10 ஆம்பியர் ஓடினால், அந்தக் கேட்காமல் வந்த மின்தடையே அதில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பூச்சியம் என்று வெளிப்படையாக எழுதினால் அது போய்விடும்; அளந்த செப்பு மின்தடையை எழுதினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, கணக்கு முறையின் தேர்வு. சாதாரணத் தீர்வி, மாற்றுத் தீர்வி என இரண்டு உள்ளன. மாற்றுத் தீர்வி ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஓடும், உள் துல்லியம் ஆயிரம் மடங்கு கூடும் என்று மென்பொருளின் உதவிப் பக்கமே சொல்கிறது. 800 வோல்ட் மிதக்கும் கணுக்களும் மைக்ரோ ஆம்பியர் கசிவுகளும் ஒரே சுற்றில் இருக்கும்போது மாற்றுத் தீர்விக்கு மாறுவது பல தலைவலிகளைத் தீர்க்கிறது. காலத் தொகையீட்டுக்கு டிரபிசாய்டல் முறையின் திருத்திய வடிவமும் கியர் முறையும் கிடைக்கின்றன. கியர் முறை, சுற்றில் உண்மையாகவே எழும் ரிங்கிங் என்னும் அதிர்வையும் சேர்த்தே தணித்துவிடும். 20 நானோ ஹென்றியும் 100 பிக்கோ ஃபாரடும் சேர்ந்து ஏறத்தாழ 112 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் சுற்றில் கியரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை அடக்கும் ஸ்னப்பர் சுற்று தேவையில்லை என்று முடிவெடுப்பது ஆபத்து. திருத்திய டிரபிசாய்டல் முறையை அப்படியே விட்டுவிடுவதே பொருத்தம். இந்த ஒரு முன்னிருப்பு சரியானது.

அலகுகளிலும் ஒரு பழைய கண்ணி இருக்கிறது. பெரிய எம், சிறிய எம் என்ற வேறுபாடு ஸ்பைஸ் மரபில் கிடையாது, இரண்டும் மில்லிதான். மெகாவுக்கு மெக் என்று மூன்று எழுத்தும் எழுத வேண்டும். 400 வோல்ட் பஸ்ஸின் குறுக்கே 1 மெகா ஓம் வடிகால் மின்தடை வைக்க நினைத்து ஒற்றை எம் போட்டால், மென்பொருள் 4 லட்சம் ஆம்பியரை எந்த மறுப்பும் இன்றிக் கணக்கிட்டுக் காட்டும். அது நல்லது, ஏனெனில் உடனே தெரிந்துவிடும். கெபாசிட்டருக்கு 1 எஃப் என்று எழுதினால் அது ஒரு ஃபாரட் ஆகாமல் ஒரு ஃபெம்டோ ஃபாரட் ஆவது அத்தனை எளிதில் கண்ணில் படாது. சூப்பர் கெபாசிட்டர் வைத்து ஆய்வு செய்பவர்கள் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதிப் பழகிக்கொள்ளலாம்.

முழு அமைப்பையும் ஓட்ட முயலும்போதுதான் எல்டிஸ்பைஸ் தன் எல்லையைக் காட்டுகிறது. மூன்று கட்ட இன்வெர்ட்டர், 20 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங், அதன் முனையில் ஒரு மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வேகம் பிடிக்கும் ஒரு விநாடியைப் பார்க்க வேண்டுமானால் 20,000 ஸ்விட்சிங் சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஆறு மாஸ்ஃபெட்களின் ஏற்ற இறக்கங்களை நானோ செகண்ட் படிகளில், ஒவ்வொரு படியிலும் நியூட்டன் ராப்சன் முறையில் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும். இரவு முழுக்க ஓடும். பாதியில், காலப்படி மிகச் சிறிதாகிவிட்டது என்ற பிழைச் செய்தியோடு நின்றுபோகவும் கூடும். விடிமாஸை எடுத்துவிட்டு மின்னழுத்தத்தால் இயங்கும் எளிய ஸ்விட்சையும், திறந்த மின்தடை, மூடிய மின்தடை, முன்னோக்கிய மின்னழுத்தம் என்ற மூன்றே எண்களில் அடங்கும் டயோடையும் வைத்தால் வேகம் பல மடங்கு கூடும். அந்த ஸ்விட்சின் ஹிஸ்டெரிசிஸ் மதிப்பை (திறக்கும், மூடும் மின்னழுத்தங்களுக்கு இடையிலான இடைவெளியை) எதிர்ம எண்ணாகக் கொடுத்தால் அது சட்டென்று தாவாமல் வழுக்கி மாறும். பிழைச் செய்திகளில் பாதி அதிலேயே அடங்கிவிடும். அப்படியும் இது அந்த வேலைக்கான கருவி அல்ல.

சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த பிளெக்சிம் நிறுவனத்தின் பிளெக்ஸ், ஸ்விட்சை முழுமையான திறப்பு அல்லது முழுமையான மூடல் என்று மட்டுமே பார்க்கிறது. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடாமல் தாண்டிவிடுகிறது. ஆகவே மேலே சொன்ன ஒரு விநாடியை அது மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கிறது. இழப்பை அட்டவணையிலிருந்து எடுத்து, வெப்பச் சுற்றோடு இணைத்து, சிப்பின் உள்ளே இருக்கும் ஜங்ஷனின் வெப்பநிலையையும் சொல்கிறது. ஆனால் அந்த அட்டவணையை யார் தருவது? டபுள் பல்ஸ் சோதனையை எல்டிஸ்பைஸில் பல மின்னோட்டங்களுக்கும் வெப்பநிலைகளுக்கும் ஓட்டி, கிடைத்த இழப்புகளை பிளெக்ஸில் அட்டவணையாகப் போடும் வழக்கம் ஆய்வகங்களில் இருக்கிறது. இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்க்காமல், நானோ செகண்டுக்கு ஒன்று, விநாடிக்கு ஒன்று என்று பங்கிட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஆய்வு செய்பவர்களுக்கும் இது முழு மனநிறைவைத் தராது. சி மொழியில் எழுதிய கட்டுப்பாட்டு நிரலை பிளெக்ஸிலும் பிசிமிலும் ஒரு பெட்டிக்குள் ஒட்டி ஓட்டலாம். இங்கே கணிதச் சமன்பாட்டால் இயங்கும் மூலங்களையும், உள்ளேயே வரும் லாஜிக் கேட்களையும், சிக்னலின் மதிப்பை அவ்வப்போது பிடித்து வைக்கும் (சாம்பிள் அண்ட் ஹோல்டு) பாகத்தையும் கோத்துத்தான் அதைப் போலி செய்ய வேண்டும். ஒரு எளிய பிஐ (விகித-தொகையீட்டு) கட்டுப்பாட்டிக்கு அது சரி. முன்கணிப்புக் கட்டுப்பாட்டை அப்படி வரைய முயல்பவரின் பொறுமையைப் பாராட்டலாமே தவிர பின்பற்ற வேண்டியதில்லை.

கட்டுப்பாட்டின் இன்னொரு பக்கமான லூப் கெயின் (பின்னூட்டச் சுற்றின் மொத்தப் பெருக்கம்) அளவீட்டில் நிலைமை அண்மையில் மேம்பட்டிருக்கிறது. ஏசி பகுப்பாய்வு, சுற்றை ஒரே இயக்கப் புள்ளியில் நேரியலாக்கிப் பார்ப்பதால், ஸ்விட்சிங் சுற்றுக்கு நேரடியாகப் பொருள் தராது. அதனால்தான் கால்டெக்கின் மிடில்புரூக்கும் ஸ்லோபோடன் சூக்கும் 1976இல் முன்வைத்த சராசரி நிலைவெளி முறையையும், 1990இல் வோர்பேரியன் வெளியிட்ட பிடபிள்யூஎம் (துடிப்பகலப் பண்பேற்ற) ஸ்விட்ச் மாதிரியையும் இன்றும் முதுநிலை வகுப்புகளில் நடத்துகிறார்கள். அந்தச் சராசரி மாதிரியைக் கட்டுப்படுத்தப்பட்ட மூலங்களால் இங்கே வரைந்து ஏசி பகுப்பாய்வு செய்வது எளிது, நொடியில் முடியும். ஸ்விட்சிங் சுற்றையே காலவெளியில் ஓட்டி, சிறு சைன் அலையை லூப்பில் செலுத்தி, ஒவ்வொரு அதிர்வெண்ணாகப் பதிலை அளப்பது மற்றொரு வழி. முன்பு இதற்கு நீளமான மெஷர் கட்டளைகளை எழுத வேண்டியிருந்தது. 24ஆம் பதிப்பில் அதிர்வெண் பதில் அளவி ஒரு பாகமாகவே சேர்க்கப்பட்டிருப்பதால், ஆய்வகத்தில் அனலைசரை இணைப்பதைப் போலவே லூப்பை உடைத்து அதில் வைத்துவிடலாம். இரண்டு வழிகளிலும் வரைந்து, சராசரி மாதிரி எந்த அதிர்வெண்ணில் உண்மையிலிருந்து விலகத் தொடங்குகிறது என்று பார்ப்பது, தனிப்பட்ட முறையில் எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த வேலை.

காந்தப் பாகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிரான்ஸ்ஃபார்மர் என்று தனி உறுப்பு கிடையாது. இண்டக்டர்களை வரைந்து இணைப்புக் குணகத்தை எழுத வேண்டும், சுருள்களின் சுற்றெண்ணிக்கை விகிதத்தின் இருமடியே இண்டக்டன்ஸ் விகிதம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். காந்தக் கோரின் செறிவூட்டத்தை மின்னோட்டத்தின் சார்பாக ஃப்ளக்ஸ் சமன்பாடு எழுதியும், ஹிஸ்டெரிசிஸ் வேண்டுமானால் உள்ளே இருக்கும் சான் மாதிரியின் வழியாகவும் கொண்டுவரலாம். உயர் அதிர்வெண் கோர் இழப்பை நம்பத்தகுந்த அளவில் பெற இது இடம் அல்ல.

மாதிரிகள் எங்கிருந்து வருகின்றன என்பது ஆய்வாளருக்கு முக்கியமான கேள்வி. மென்பொருளோடு வரும் பெரிய நூலகம் அனலாக் டிவைசஸின் சொந்தச் சிப்களுடையது. அவற்றின் மாதிரிகள் பெரும்பாலும் மறைகுறியாக்கப்பட்டவை. ஓட்டலாம், உள்ளே பார்க்க இயலாது. பிற நிறுவனங்களின் கட்டுப்பாட்டுச் சிப்கள் அந்த நூலகத்தில் இருக்காது என்பதில் வியப்பில்லை. கடை வைத்தவர் எதிர்க்கடைச் சரக்கை அடுக்க மாட்டார். ஆனால் தனி மாஸ்ஃபெட்களின் நிலை வேறு. உல்ஃப்ஸ்பீட், இன்ஃபினியான், ரோம் ஆகியவை தங்கள் சிலிக்கான் கார்பைடு பாகங்களுக்கும், இபிசி தன் காலியம் நைட்ரைடு பாகங்களுக்கும் ஸ்பைஸ் மாதிரிகளை இலவசமாகத் தருகின்றன. உல்ஃப்ஸ்பீடின் மாதிரிகளில் ஜங்ஷன் வெப்பநிலைக்கும் உறை வெப்பநிலைக்கும் தனி முனைகளே இருப்பதால், வெப்ப மின்தடையையும் அதே படத்தில் வரைந்துவிடலாம். விடிமாஸ் மாதிரிக்கு அந்த வசதி இல்லை. எவ்வளவு திறன் வீணானாலும் அது தானாகச் சூடேறுவதில்லை. டயோடின் தலைகீழ் மீட்பையும் (அணையும்போது சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டத்தையும்) சாதாரண ஸ்பைஸ் டயோடு மாதிரி சட்டென்று அறுத்து முடிக்கிறது. உண்மையான டயோடு மென்மையாக முடியும் இடத்தில் சிமுலேஷன் கூர்மையான முனையைக் காட்டினால், மின்காந்த இடையூறு பற்றி எழுதும் கட்டுரைக்கு அது தவறான அடித்தளம்.

தன்னியக்கம் நன்றாக இருக்கிறது. சுற்றுப்படம் வெறும் உரைக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், பதிப்புக் கட்டுப்பாட்டில் வைக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். பைத்தானிலிருந்து மதிப்புகளை மாற்றி, நூற்றுக்கணக்கான ஓட்டங்களைத் தொடர்ந்து ஓட்டி, முடிவுக் கோப்பைப் படித்தெடுக்கும் நூலகங்களைப் பயனர்களே எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். பாகங்களின் சகிப்பு அளவை (மதிப்பில் அனுமதிக்கப்படும் வேறுபாட்டை), மதிப்புகளைத் தற்செயலாக மாற்றி ஓட்டும் மாண்டி கார்லோ முறையில் ஆராய்பவருக்கு இதுவே போதுமானது.

தோற்றமும் விசைகளும் நெடுங்காலமாகவே பலருக்கு ஒத்துவராதவை. பழைய பதிப்புகளில் பாகம் சேர்க்க எஃப்2, கம்பி வரைய எஃப்3, நீக்க எஃப்5, நகர்த்த எஃப்7 என்று உலகத்தில் வேறு எந்த மென்பொருளோடும் ஒட்டாத ஓர் இலக்கணம் இருந்தது. முதலில் செயலையும் பிறகு பொருளையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது புதியவருக்கு ஒரு வாரம் எரிச்சலூட்டும். 24ஆம் பதிப்பு இதை ஓரளவு மாற்றியிருக்கிறது. மேக் கணினிக்கான பதிப்பு இருந்தாலும் அதன் இடைமுகம் விண்டோஸ் பதிப்பிலிருந்து வேறுபட்டது. எடுத்த எடுப்பில் கைவராது. லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் ஒயின் வழியாக ஓடுகிறது.

மாற்று வேண்டுவோருக்கு இரண்டு பெயர்களைச் சொல்லலாம். ஐஐடி பாம்பேயின் ஃபாஸ்ஸி திட்டம் உருவாக்கிய ஈசிம், என்ஜிஸ்பைஸ் என்னும் திறமூலக் கணக்குப் பொறியை அடிப்படையாகக் கொண்டது. மூலநிரலே திறந்திருப்பதால், மாதிரியின் உள்ளே கைவைக்க விரும்பும் ஆய்வாளருக்கு அது எல்டிஸ்பைஸ் தர முடியாத சுதந்திரத்தைத் தருகிறது. மற்றொன்று, எல்டிஸ்பைஸை எழுதிய எங்கெல்ஹார்ட்டே பின்னர் எழுதி, கோர்வோ நிறுவனம் 2023இல் இலவசமாக வெளியிட்ட கியூஸ்பைஸ். சி++ நிரலையும் வெரிலாக் நிரலையும் சுற்றுக்குள்ளேயே ஓட்டும் வசதி அதில் இருப்பதால், மேலே சொன்ன டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் குறையை அது நேரடியாகத் தீர்க்கிறது. ஆனால் அதுவும் ஒரு சிப் நிறுவனம் தரும் மென்பொருள்தான்.

ஆய்வேட்டுக்காக எல்டிஸ்பைஸை நிறுவுபவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒப்புக்கொண்டுவிடாமல், ஒரு கட்டுரைக்கான ஓட்டங்கள் முடியும்வரை ஒரே பதிப்பில் நிற்பதும், அந்த நிறுவல் கோப்பை எடுத்து வைப்பதும் அவசியம். தீர்வியிலோ முன்னிருப்பிலோ சிறு மாற்றம் வந்தாலும் மூன்றாம் இலக்கத்தில் எண்கள் நகரக்கூடும். திருத்தம் கேட்டு ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் அனுப்பும் கடிதத்துக்கு அதே எண்களோடு பதில் எழுத, பதிப்பு எண், தீர்வியின் பெயர், பெருமக் காலப்படி, மாதிரிக் கோப்பைப் பதிவிறக்கிய தேதி ஆகிய நான்கையும் சுற்றுப்படத்தின் ஓரத்திலேயே குறிப்புரையாக எழுதி வைத்துவிடலாம். அதற்கான வசதி மென்பொருளிலேயே இருக்கிறது.